நெட் போச்சா? முதலில் பெட்டியின் லைட்டைப் பாருங்கள்!

"நவம்பர் 13-ம் தேதி ராத்திரி நல்ல மழை. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் நெட் இல்லை. சம்பா நெல்லுக்கு இன்ஷூரன்ஸ் போட அடங்கல், பாஸ்புக் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருந்தோம். கேபிள்காரர் போனை எடுக்கவில்லை. வெளியூரில் இருக்கும் மகன் போனில் சொல்லச் சொல்ல, எதை எதையோ அமுக்கினேன். சாயங்காலம் கேபிள்காரர் வந்தார். 'அறுந்த ஒயரை ஒட்டிவிட்டேன். ஆனால், பெட்டிக்குள் இருந்த செட்டிங் எல்லாம் அழிந்துகிடக்கிறது. அதை ஆபீஸில் சொல்லித்தான் போட வேண்டும்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்னொரு நாளும் போனது. நெட் போனால் வீட்டில் நாங்களே என்ன செய்யலாம், எதைத் தொடவே கூடாது?"

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி இப்படி எழுதியிருக்கிறார். நாலு வரியில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை என்பதால், கேள்வி-பதில் பகுதியில் இருந்து எடுத்துத் தனிக் கட்டுரையாகவே தருகிறோம்.

சம்பா நெல் காப்பீட்டுக்கு நவம்பர் 15 கடைசி நாள் என்பது டெல்டா விவசாயிகளுக்குப் பழகிப்போன விஷயம். சில ஆண்டுகளில் நீட்டிப்பு கிடைத்திருக்கிறது. 2024-ல் நவம்பர் 30 வரை நீட்டித்தார்கள். அதை நம்பிக் காத்திருக்க முடியாது. அந்த நவம்பர்தான் வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும் மாதமும். காற்று, இடி, மரம் சாய்வது, கரன்ட் போவது என்று நெட் நிற்பதற்கான அத்தனை காரணங்களும் நமக்கு நெட் அவசியமாகத் தேவைப்படும் அதே பத்து நாளில் வந்து நிற்கின்றன. கொள்முதல் நிலையத்துக்கு முன்பதிவு, பட்டா-சிட்டா, வில்லங்கச் சான்று, மானியத்துக்கு விண்ணப்பம், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் என்று இப்போது எல்லாமே அந்த ஒற்றை ஒயர் வழியாகத்தான் வீட்டுக்கு வருகின்றன. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கேபிள் கொண்டுபோகும் வேலையை அரசின் 'டான்ஃபிநெட்' நிறுவனம் எடுத்துச் செய்கிறது. ஊருக்கு ஒயர் வந்துவிட்டது, அல்லது வந்துகொண்டிருக்கிறது. ஒயர் வந்த ஊரில் அது அறுந்தால் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால்...

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், யாரும் எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்ற மாட்டோம். பக்கத்து வயலுக்கு வருகிறதா என்று பார்ப்போம். அங்கேயும் இல்லை என்றால் வாய்க்காலோடு மேலே நடப்போம். எந்த இடம் வரை ஈரம் இருக்கிறது, எங்கிருந்து காய்ந்து கிடக்கிறது என்று பார்த்தால் உடைப்பு எங்கே என்று தெரிந்துவிடும். நெட்டுக்கும் இதே நடைதான்.

நெட் நம் கம்ப்யூட்டருக்கு வரும் வழியைச் சொல்லிவிடுகிறேன். கேபிள்காரர் அல்லது டெலிபோன் நிறுவனத்தின் அறையில் ஒரு பெரிய கருவி இருக்கிறது. அங்கிருந்து தெருக் கம்பங்களின் மேல் கண்ணாடி இழை கேபிள் வருகிறது. கம்பத்தில் தொங்கும் சிறிய டப்பாவில் அது பல வீடுகளுக்குப் பிரிகிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் நம் வீட்டுக்குள் வந்து, சுவரில் மாட்டிய வெள்ளை அல்லது கறுப்புப் பெட்டியில் சேர்கிறது. பெட்டியிலிருந்து வைஃபை ஆகவோ, தடித்த லேன் ஒயர் ஆகவோ கம்ப்யூட்டருக்குப் போகிறது. கம்ப்யூட்டருக்குள் பிரவுசர், அதில் நாம் திறக்கும் தளம். அவ்வளவுதான் வழி.

இதில் பெட்டிதான் எல்லைக்கல். பெட்டிக்கு அந்தப் பக்கம் உடைந்திருந்தால் நம்மால் செய்ய முடிவது குறைவு. சரியான ஆளைச் சரியான தகவலோடு கூப்பிட வேண்டும். பெட்டிக்கு இந்தப் பக்கம் என்றால், பெரும்பாலும் யாரையும் கூப்பிடாமல் நாமே சரிசெய்துவிடலாம். அந்த வாசகியின் வீட்டில் உடைப்பு அந்தப் பக்கம் இருந்தது. வைத்தியம் இந்தப் பக்கம் நடந்தது. மகன் தெரிந்ததைச் சொன்னார், பெட்டியைப் பார்க்காமல் சொன்னார். ஆகவே எதையும் அமுக்கும் முன்பு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

ஒன்று, வீட்டில் உள்ள போனை எடுத்து அதன் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைஃபை மட்டும் போட்டு எதையாவது திறந்து பாருங்கள். டேட்டாவை நிறுத்த மறந்தால் போன் தன் சிம் வழியாகவே திறந்துகாட்டி நம்மை ஏமாற்றிவிடும். போனில் வந்து கம்ப்யூட்டரில் வரவில்லை என்றால் கோளாறு கம்ப்யூட்டரில். போனிலும் வரவில்லை என்றால் பெட்டியில் அல்லது பெட்டிக்கு அப்பால்.

இரண்டு, நீங்கள் திறக்க நினைத்த தளம் தவிர வேறு இரண்டு தளங்களைத் திறந்து பாருங்கள். கடைசி தேதி அன்று மாநிலம் முழுக்க ஒரே தளத்தில் போய் விழும்போது அந்தத் தளம் திணறி நிற்கும். அது நம் நெட் கோளாறே இல்லை. செய்தித்தாள் தளம் திறக்கிறது, காப்பீட்டுத் தளம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் பெட்டியைத் தொடாதீர்கள். விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கு முயன்று பாருங்கள். பால் கறக்க எழுந்திருக்கும் நேரம்தானே, நமக்குச் சிரமம் இல்லை.

லைட் சொல்லும் சேதி

போன், கம்ப்யூட்டர் இரண்டிலுமே நெட் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது பெட்டியின் முன்னால் போய் நில்லுங்கள். லைட்டுகளுக்கு மேலே அல்லது கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் பெயர் இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தப் படம் பிறகு கேபிள்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் உதவும்.

'பவர்' லைட் எரியவே இல்லை என்றால், சுவிட்ச், பிளக், அடாப்டர் என்று வரிசையாகப் பாருங்கள். அந்த பிளக்கில் போன் சார்ஜரைச் செருகிப் பார்த்தால் கரன்ட் வருகிறதா என்று தெரியும். கரன்ட் இருந்தும் பெட்டி எரியவில்லை என்றால் பெரும்பாலும் அடாப்டர்தான் போயிருக்கும். நம் ஊர்களில் வோல்டேஜ் ஏறி இறங்குவதில் முதலில் சாவது அதுதான். அடாப்டரின் மேல் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சடித்திருப்பார்கள். பல பெட்டிகளுக்கு 12 வோல்ட். புதிது வாங்கும்போது வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ, கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. பிளக்கின் முனையும் அதே அளவில் இருக்க வேண்டும். பழைய அடாப்டரைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது.

அடாப்டர் பாதி உயிரோடு இருப்பதுதான் ஆளைக் குழப்பும். லைட் எரியும், ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எல்லா லைட்டும் அணைந்து திரும்ப எரியும். நெட் வந்து வந்து போகும். இதை ஒயர் கோளாறு என்று நினைத்து மாதக்கணக்கில் அலைபவர்கள் உண்டு. பொறுமையாகப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது, இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்பவர்கள் வைக்க வேண்டியது: 'எல்.ஓ.எஸ்' என்று எழுதிய லைட். சாதாரணமாக இது எரியக் கூடாது. சிவப்பாக எரிந்தாலோ, சிமிட்டினாலோ, கண்ணாடி இழை வழியாக வர வேண்டிய ஒளி பெட்டிக்கு வரவில்லை என்று பொருள். ஒயர் அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம், முனை கழன்றிருக்கலாம், அல்லது கேபிள்காரரின் அறையில் கரன்ட் போயிருக்கலாம். கம்ப்யூட்டரில் என்ன அமுக்கினாலும் இது போகாது. சிவப்பு லைட் எரிகிறது என்றால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

'பான்' என்று உச்சரிக்கும் பி-ஓ-என் லைட் பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். எரிந்தால் பெட்டிக்கும் கேபிள்காரர் அறைக்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது, ஒயர் நன்றாக இருக்கிறது என்று பொருள். சிமிட்டிக்கொண்டே இருந்தால் பெட்டி தொடர்பு பிடிக்கப் பார்க்கிறது, பிடிக்க முடியவில்லை. அப்படி என்றால் பெட்டியை ஒருமுறை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போட்டு, மூன்று நான்கு நிமிடம் காத்திருங்கள். அதற்குள் பெட்டி முழுதாக எழுந்துவிடும். அவசரப்பட்டு ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்துப் போடுவதால் எந்த லாபமும் இல்லை.

பான் பச்சையாக நிற்கிறது, ஆனால் 'இன்டர்நெட்' லைட் எரியவில்லை அல்லது சிவப்பாக இருக்கிறது என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மாதம் பணம் கட்டினோமா? சிரிக்காதீர்கள். அறுவடைச் சமயத்தில் மாதத் தேதி யாருக்கு நினைவிருக்கிறது? திட்டம் முடிந்தால் சில நிறுவனங்கள் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பணம் கட்டும் பக்கத்தைக் காட்டும். சில ஒன்றுமே காட்டாது. பணம் கட்டியிருந்தும் இந்த லைட் வரவில்லை என்றால் கேபிள்காரர் பக்கத்தில் உங்கள் கணக்கில்தான் பிரச்னை.

ஒயரோடு நடக்கும்போது

சிவப்பு லைட் எரிகிறது. பக்கத்து வீட்டில் அதே கேபிள்காரரின் இணைப்பு இருந்தால் அங்கே கேளுங்கள். தெருவுக்கே இல்லை என்றால் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். கம்பத்தில் தொங்கும் பிரிக்கும் டப்பாவுக்குக் கரன்ட் தேவையில்லை. ஆனால் அவர் அறையில் இருக்கும் பெரிய கருவிக்குத் தேவை. அங்கே பேட்டரி தீர்ந்தால் ஊருக்கே சிவப்பு லைட்தான். உங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை என்றால், உங்கள் ஒயரோடு நடக்க வேண்டும்.

பெட்டிக்குப் பின்னாலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் மஞ்சள் அல்லது வெள்ளை நிற மெல்லிய ஒயர், பச்சை அல்லது நீல முனையோடு பெட்டியில் செருகியிருக்கும். பொங்கலுக்கு வெள்ளை அடித்தபோதோ, கட்டிலை நகர்த்தியபோதோ அது லேசாக வெளியே வந்திருக்கலாம். நேராகப் பிடித்து மெதுவாக உள்ளே தள்ளினால் 'க்ளிக்' என்று உட்காரும். கழற்றிப் பார்த்தால் முனையைக் கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒளியை மறைத்துவிடும். முனைக்குள் கண்ணை வைத்தும் பார்க்காதீர்கள். உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத வகை. ஒன்றும் தெரியவில்லையே என்று உற்றுப் பார்ப்பது கண்ணுக்குக் கெடுதி.

கண்ணாடி இழை என்பது பெயருக்கு இல்லை, நிஜமாகவே கண்ணாடி. ஒளி ஓடும் நடுப்பகுதி தலைமுடியை விட மெல்லியது. மின் ஒயர் போல நினைத்து ஆணியில் சுற்றுவது, ஜன்னல் கதவில் நசுக்குவது, மூட்டையை மேலே வைப்பது, மிச்ச ஒயரை இறுக்கிச் சுருட்டி ரப்பர் பேண்டு போடுவது எல்லாம் கூடாது. கூர்மையாக மடங்கிய இடத்தில் ஒயர் அறுந்திருக்காது. ஆனால் ஒளி அங்கே வெளியே கசிந்துவிடும். மடிப்பை நீக்கிச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாகத் தளரச் சுற்றி வைத்தாலே சிவப்பு லைட் அணைந்துவிடுவது உண்டு.

அறுந்த கண்ணாடி இழையை மோட்டார் ஒயரைப் போல உரித்து முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றினால் வேலை செய்யாது. அதை ஒட்டுவதற்குத் தனிக் கருவி உண்டு. சூடேற்றிக் கண்ணாடியோடு கண்ணாடியைச் சேர்க்கும். உரித்த துண்டு மெல்லிய முள் மாதிரி சதையில் ஏறும். அதனால் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் துண்டுகளைப் போட்டு வைக்காதீர்கள்.

வீட்டுக்கு வெளியே, எலி, அணில், கரும்பு லாரி, வைக்கோல் லோடு, கதிர் அறுக்கும் மெஷின், ஜே.சி.பி. ரோட்டைக் குறுக்கே கடக்கும் ஒயர் தாழத் தொங்கினால் அறுவடைக் காலத்தில் அறுந்தே தீரும். இதைக் கம்பம் கம்பமாக நடந்து அறுவடைக்கு முன்பே பார்த்து, கேபிள்காரரிடம் சொல்லி உயர்த்திக் கட்டச் சொல்வது புத்திசாலித்தனம். எலித் தொல்லை உள்ள வீட்டில் ஒயரை நெல் மூட்டை அடுக்கும் பக்கமாகக் கொண்டுபோகாமல், ஒரு துண்டு பி.வி.சி. குழாய்க்குள் விட்டால் போதும். சொட்டுநீர் போட்டபோது மிச்சமான குழாய் எந்த வீட்டிலும் கிடக்கும்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. மழை, காற்றுக்குப் பிறகு கீழே விழுந்து கிடக்கும் ஒயர் எதுவாக இருந்தாலும் தொடாதீர்கள். கண்ணாடி இழையில் கரன்ட் பாயாது என்பது உண்மை. ஆனால் பல கேபிள்களில் இழுவைக்காக ஒரு இரும்புக் கம்பி சேர்ந்தே வரும். அது எங்காவது மின்கம்பியின் மேல் விழுந்திருந்தால் கேபிள் முழுக்கக் கரன்ட் இருக்கும். சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். ஒரு நாள் நெட் இல்லாமல் போவது பெரிய விஷயமே இல்லை.

இடி இடிக்கும்போது பெட்டியின் அடாப்டரைப் பிளக்கில் இருந்து கழற்றி விடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு லேன் ஒயர் போட்டிருந்தால் அதையும் கழற்றுங்கள். அது செம்புக் கம்பி. அடாப்டர் வழியாக வந்த மின்னல் அதிர்ச்சி அதன் வழியாகவே கம்ப்யூட்டருக்குள் போய்விடும்.

கம்ப்யூட்டர் பக்கம்

பெட்டியில் எல்லா லைட்டும் ஒழுங்காக இருக்கிறது, போனில் நெட் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை. இது நம் கை வேலை.

அரசு கொடுத்த லேப்டாப் இன்றும் பல வீடுகளில் ஓடுகிறது. அதில் அடிக்கடி நடப்பது, விசைப்பலகையின் மேல் வரிசையில் ஆண்டெனா அல்லது விமானம் படம் போட்ட சாவியைக் குழந்தைகள் அமுக்கி வைஃபையை அணைத்துவிடுவது. திரையின் வலது கீழ் மூலையில் விமானப் படம் தெரிந்தால் அதுதான் காரணம். திரும்ப அமுக்கினால் சரியாகிவிடும். பெட்டி இரண்டு வைஃபை பெயர்களைக் காட்டினால், கடைசியில் '5ஜி' என்று முடிவது பழைய லேப்டாப்பில் தெரியாமலே போகலாம். இது போனின் 5ஜி இல்லை. பெட்டியின் இன்னொரு அலைவரிசை. தெரியவில்லையே என்று கவலைப்படாமல் மற்ற பெயரில் இணையுங்கள். சுவர் தாண்டிப் போவதில் அதுதான் பலசாலியும்கூட.

லேன் ஒயர் போட்ட டெஸ்க்டாப் என்றால், ஒயர் செருகும் இடத்தில் சின்ன லைட் சிமிட்டுகிறதா பாருங்கள். இல்லையென்றால் ஒயரைக் கழற்றிச் செருகுங்கள். பெட்டியில் பக்கத்து ஓட்டையில் மாற்றிச் செருகிப் பாருங்கள். அந்த முனையில் உள்ள பிளாஸ்டிக் நாக்கு உடைந்தால் ஒயர் நிற்காது, தானாக நழுவும்.

இதெல்லாம் சரி, இன்னும் வரவில்லை என்பவர்களுக்குத் தண்ணீர் எதுவரை வருகிறது என்று பார்க்கும் ஒரு வழி கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஸ்டார்ட் பட்டனை அமுக்கி சி-எம்-டி என்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுத்தால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் ஐ-பி-சி-ஓ-என்-எஃப்-ஐ-ஜி என்று சேர்த்துத் தட்டி என்டர் கொடுங்கள். 'ஐபிவி4 அட்ரஸ்' என்ற வரியில் உள்ள எண் 192.168 என்று தொடங்கினால் பெட்டி கம்ப்யூட்டருக்கு முகவரி கொடுத்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால் கொடுக்கவில்லை. கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது. வைஃபையைத் துண்டித்துச் சேருங்கள், பெட்டியையும் கம்ப்யூட்டரையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இதிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும்.

முகவரி சரியாக இருந்தால், அதே கறுப்புத் திரையில் பி-ஐ-என்-ஜி என்று தட்டி, ஓர் இடம் விட்டு, 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியில் காட்டிய எண்ணைத் தட்டுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1. 'ரிப்ளை' என்று வரிவரியாக வந்தால் பெட்டி வரை வழி சரி. அடுத்து பிங், இடம், 8.8.8.8. இது கூகுளின் ஓர் எண். இதற்கும் ரிப்ளை வந்தால் வெளி உலகம் வரை வழி திறந்திருக்கிறது. 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வந்தால் பெட்டிக்கு அப்பால் அடைப்பு. மூன்றாவதாகக் கூகுளின் பெயரை எழுத்தில் தட்டிப் பாருங்கள். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் இடத்தில் கோளாறு. "மேலக்காடு" என்று சொன்னால் நம் ஊர் வி.ஏ.ஓ. சர்வே எண்ணைச் சொல்வார் இல்லையா, அந்த வேலையைச் செய்வது டி.என்.எஸ். என்ற ஏற்பாடு. வயல் அங்கேயே இருக்கிறது, வி.ஏ.ஓ. லீவில் இருக்கிறார். பெட்டியை அணைத்துப் போட்டும் சரியாகவில்லை என்றால், வைஃபை செட்டிங்கில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 8.8.8.8 என்று எழுதிச் சேமித்தால் வேறு ஆள் அந்த வேலையைப் பார்ப்பார்.

இன்னொரு கோளாறு நெட் கோளாறு மாதிரியே வேஷம் போடும். எந்த அரசுத் தளத்தைத் திறந்தாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது இல்லை' என்று ஆங்கிலத்தில் சிவப்பாக வரும். திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். ஏதோ பழைய ஆண்டைக் காட்டும். தளங்கள் தங்கள் அடையாளச் சான்றை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு என்று கொடுக்கின்றன. கம்ப்யூட்டரின் தேதி தப்பாக இருந்தால் அந்தச் சான்று செல்லாது என்று அது நினைத்துக்கொள்ளும். தேதி, நேரத்தைச் சரி செய்தால் தளம் திறக்கும். ஒவ்வொரு முறை கரன்ட் போய் வந்த பிறகும் தேதி மாறிவிடுகிறது என்றால், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. சி.ஆர்.2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அதை மாற்றாமல் நெட்டையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

அந்தச் சின்ன ஓட்டை

பெட்டிக்குப் பின்னாலோ, அடியிலோ ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். பக்கத்தில் 'ரீசெட்' என்று எழுதியிருக்கும். அதைத் தொடாதீர்கள். அணைத்துப் போடுவது 'ரீஸ்டார்ட்'. அதனால் ஒன்றும் அழியாது, எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் அந்த ஓட்டையில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அமுக்கினால் கேபிள்காரர் உள்ளே எழுதி வைத்த பயனர் பெயர், கடவுச்சொல், நம் வைஃபை பெயர் எல்லாம் அழிந்து, பெட்டி கடையில் வாங்கியபோது இருந்த நிலைக்குப் போய்விடும். மழைநாளில் ஒயரை ஒட்ட வருபவரின் கையில் உங்கள் கடவுச்சொல் இருக்காது. திருவாரூர் வாசகிக்கு ஒரு நாள் வீணானது இதனால்தான். போனில் யார் சொன்னாலும், சொந்த மகனே சொன்னாலும், கேபிள்காரர் நேரில் இருக்கும்போது மட்டுமே அதை அமுக்க விடுங்கள்.

கூப்பிடும்போது சொல்ல வேண்டியது

"நெட் வரலைங்க" என்று மட்டும் சொன்னால் அவர் வரிசையில் உங்களைக் கடைசியில் போடுவார். "நேற்று ராத்திரி மழைக்குப் பிறகு எல்.ஓ.எஸ் சிவப்பு சிமிட்டுகிறது, அடாப்டர் நன்றாக இருக்கிறது, பக்கத்து வீட்டில் வருகிறது, எங்கள் வீட்டுக்குத் திரும்பும் மூன்றாவது கம்பத்தில் ஒயர் தொங்குகிறது" என்று சொல்லிப் பாருங்கள். கருவியை எடுத்துக்கொண்டு நேராக அந்தக் கம்பத்துக்கே வருவார். லைட் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

அவர் எடுக்கவில்லை என்றால் நிறுவனத்தின் புகார் எண்ணில் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள். 'டாக்கெட் நம்பர்' என்று கேட்டால் தருவார்கள். தர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ம் ஆண்டு விதி. புகார் தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகவும் அந்த எண்தான் ஆதாரம். அது இல்லாமல் பேசிய பேச்செல்லாம் காற்றோடு போகும்.

நீங்கள் கூப்பிடாமலே யாராவது கூப்பிட்டு, "உங்கள் நெட்டைச் சரி செய்கிறோம், இந்த ஆப்பை இறக்குங்கள், வரும் எண்ணைச் சொல்லுங்கள்" என்றால் வைத்துவிடுங்கள். ஒயரை ஒட்ட யாருக்கும் உங்கள் ஓ.டி.பி. தேவையில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரம் முக்கியம்.

மாற்று வாய்க்கால்

ஒயர் ஒட்டும் வரை நவம்பர் 15 காத்திருக்காது. ஆற்றுத் தண்ணீர் நின்றால் போர் தண்ணீர் என்று வைத்திருப்பதுபோல, போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கப் பழகி வையுங்கள். மழை வரும் முன்பே ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். போன் செட்டிங்கில் 'ஹாட்ஸ்பாட்' போட்டால் போனே சின்னப் பெட்டியாக மாறி வைஃபை கொடுக்கும். வைஃபை இல்லாத டெஸ்க்டாப் என்றால் சார்ஜர் ஒயரால் போனைக் கம்ப்யூட்டரோடு இணைத்து 'யு.எஸ்.பி. டெதரிங்' போடுங்கள், போனும் சார்ஜ் ஆகும். வாங்கும் ஒயர் டேட்டா போகக்கூடிய ஒயராக இருக்க வேண்டும், சில மலிவு ஒயர்களில் சார்ஜ் மட்டும்தான் ஏறும்.

விண்ணப்பம் அனுப்ப ஆகும் டேட்டா மிகக் குறைவு. ஆனால் கம்ப்யூட்டர் இதுதான் சமயம் என்று தன் விண்டோஸ் அப்டேட்டை இறக்க ஆரம்பித்தால் அன்றைய டேட்டா அரை மணியில் காலி. விண்டோஸ் 10, 11-ல் அந்த ஹாட்ஸ்பாட் பெயரின் செட்டிங்கில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதைப் போட்டுவிட்டால் அது அடங்கி இருக்கும். வீட்டில் இரண்டு சிம் இருந்தால் இரண்டும் ஒரே நிறுவனமாக இல்லாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது. ஒரு டவர் படுத்தால் இன்னொன்று எழுந்து நிற்கும்.

ஸ்கேன் செய்த அடங்கல், ஆதார், பாஸ்புக் பக்கம் மூன்றையும் கம்ப்யூட்டரில் மட்டும் வைக்காமல் போனிலும் ஒரு பென் டிரைவிலும் வைத்திருங்கள். எதுவுமே நடக்கவில்லை என்றால் பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பொதுச் சேவை மையத்துக்கோ, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கோ போய்விடலாம். அசல் தாள்களையும் எடுத்துப் போங்கள்.

வாசகர்கள் கேட்ட இன்னும் சில

"கரன்ட் போனால் நெட்டும் போகிறது. கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். இருக்கிறது. என்ன செய்ய?" என்று ஈரோடு மாவட்ட வாசகர் கேட்டிருக்கிறார். பெட்டியின் அடாப்டரையும் அதே யு.பி.எஸ்.ஸில் செருகுங்கள், அது குடிக்கும் கரன்ட் கொஞ்சம்தான். பெட்டிக்கு என்று மட்டும் கையடக்க யு.பி.எஸ். தனியாகவும் விற்கிறார்கள், வாங்கும்போது வோல்ட் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆனால் கேபிள்காரர் அறையில் கரன்ட் போனால் இது உதவாது.

"மாட்டுக்கொட்டகை அறையில் கம்ப்யூட்டர். வைஃபை ஒரு கோடுதான் காட்டுகிறது" என்கிறார் தர்மபுரி மாவட்ட வாசகர். தகரக் கூரையும் தகரத் தடுப்பும் வைஃபையை நிறுத்திவிடும். பெட்டியை இரும்பு பீரோ மேலிருந்து எடுத்து, ஆள் உயரத்தில், கொட்டகையைப் பார்த்த ஜன்னல் பக்கம் மாட்டுங்கள். அப்படியும் இல்லை என்றால் லேன் ஒயர் இழுப்பதே நல்லது. 100 மீட்டர் வரை ஒரே இழுப்பில் போகலாம். மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டாமல் தள்ளிக் கொண்டுபோங்கள்.

"விண்டோஸ் 7 கம்ப்யூட்டர். நெட் வருகிறது, யூடியூப் ஓடுகிறது, சில அரசுத் தளங்கள் மட்டும் திறப்பதில்லை" என்பது கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த கேள்வி. தேதியைப் பார்த்தீர்களா? அது சரியாக இருந்தால், பிரவுசர் பழசாகிவிட்டது. 2023 தொடக்கத்திலிருந்து விண்டோஸ் 7-க்குக் குரோமின் புதிய பதிப்புகள் வருவதில்லை. பெட்டியோ கேபிள்காரரோ காரணம் இல்லை. இப்போதைக்கு அந்தத் தளங்களைப் போனில் திறங்கள். பணம் கட்டும் வேலை எதையும் அந்தக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டாம்.